ஆடும் சில்லும் முனகும் போதிகையும்

பாரிசின் வடக்குப் புறநகர் ஒன்றிலிருந்து அதிகாலை 4 மணிக்குப் புறப்படும் பழைய கார் ஒன்றில், சென்ற கார்த்திகை மாதம் முழுவதும் நானும் ஒரு பயணியாக இருந்தேன். காரின் உரிமையாளரும் அவருடன் வரும் இருவரும் துப்புரவுப் பணியாளர்கள். நான்காவது ஆள் நான். பத்திரிகை எழுத்தினால் மட்டும் அடுப்பெரியாது என்பதை இப்பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. முதலாவது தொடருந்து நிலையத்தை விட்டு நகர்வதற்கு முன்னரே எங்கள் வேலை தொடங்கிவிடும். எனவே அந்தக் கார் ஓடினால் நான்கு குடும்பங்களுக்கு அன்றைய கூலி உண்டு, ஓடாவிட்டால் இல்லை.

நெடுஞ்சாலையில் ஏறி, வேகமானி 100 ஐ அண்மித்ததும் சுக்கான் வளையம் நடுங்கத் தொடங்கும். உரிமையாளர் வேகத்தை 90 க்குக் குறைப்பார், நடுக்கம் அடங்கும். இதனைவிட வேறொரு சத்தமும் இருந்தது. பின்னிருக்கையில் அமரும் எனக்கு அது நன்றாகவே கேட்டது. தொலைவில் விமானம் ஒன்று போகாமலும் வராமலும் நின்று முழங்குவது போன்ற தாழ்ந்த முனகல். எங்கள் தலைமுறையினருக்கு அந்த ஓசை நல்ல நினைவுகளைத் தருவதில்லை. “பழைய கார் எண்டால் சத்தம் வரத்தானே செய்யும் அண்ணை” என்று கூறி, உரிமையாளர் வானொலியின் ஒலியைக் கூட்டிவிடுவார்.

நடுக்கம் பொறுக்கமுடியாத நிலைக்கு வந்தபோது, அவர் அயலிலிருந்த கராஜ் ஒன்றுக்குக் காரைக் கொண்டுசென்றார். அவர்கள் நான்கு சில்லுகளையும் சமநிலைப்படுத்திக் கொடுத்துப் பணமும் பெற்றுக்கொண்டார்கள். சுக்கானின் நடுக்கம் நின்றுவிட்டது. முனகல் நிற்கவில்லை. மூன்று நாட்களின் பின் அவர் என்னிடம் வந்தார். “மொழி தெரியாதவங்கள் எண்டு ஏமாத்திப்போட்டாங்கள். சனிக்கிழமை நீங்கள் என்னோட வரவேணும். பிரெஞ்சில நாலு கேள்வி கேக்கவேணும்” என்றார். நானும் உடன்பட்டேன். ஏமாற்றப்படுவோம் என்ற எதிர்பார்ப்புடனேயே இந்நாட்டின் ஒவ்வொரு கதவையும் தட்டிப் பழகியவர்கள் நாம். அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது.

சனிக்கிழமைக்கு முன்னர் நாங்கள் சந்தித்த ஒரு முதியவரே எங்கள் இருவரையும் ஒரு பெரும் பிழையிலிருந்து காப்பாற்றினார். யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் நீண்ட காலமும், பின்னர் பாரிசிலும் மெக்கானிக்காக வேலைசெய்து ஓய்வுபெற்றவர் அவர். “மாஸ்ரர், சண்டைக்குப் போறதுக்கு முன்னம் காரை ஒருக்கா இஞ்ச கொண்டுவாங்கோ” என்றார். அன்று அவரிடம் நான் கற்றதையும், அதன் பின்னர் தேடிப் படித்ததையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மவர்களிற் பெரும்பாலானோர் இந்நாடுகளில் ஓட்டுவது பழைய வண்டிகளையே. அவற்றிலே பிள்ளைகளும் ஏறுகிறார்கள்.

கேள்விகளே கருவிகள்

முதியவர் எந்தச் சாவியையும் கையில் எடுக்கவில்லை. முதலில் கேள்விகளைக் கேட்டார். எந்த வேகத்தில் நடுக்கம் வருகிறது? அதற்கு மேல் ஓடினால் கூடுகிறதா, குறைகிறதா? கை நடுங்குகிறதா, இருக்கை நடுங்குகிறதா? பிறேக் பிடிக்கும்போது மட்டும் வருகிறதா? வளைவுகளில் சத்தம் மாறுகிறதா? கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் சத்தம் குறைகிறதா? கடைசியாக எப்போது ரயர் கழற்றிப் பூட்டினீர்கள்?

ஊரில் சில காலம் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அளவையியல் கற்பித்தவன் நான். ஜோன் ஸ்ருவாட் மில் 1843 இல் வெளியிட்ட அளவையியல் நூலில், காரணத்தைக் கண்டறியும் முறைகளை வகுத்துச் சொன்னார். ஒன்று மாறும்போது அதனுடன் கூடவே மாறுவது எது என்று பார்ப்பது உடன்மாறல் முறை. அறிந்த காரணங்களுக்குரிய விளைவுகளைக் கழித்துவிட்டு, எஞ்சிய விளைவுக்கு எஞ்சிய காரணத்தைத் தேடுவது எச்ச முறை. முதியவர் மில்லின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவருடைய ஒவ்வொரு கேள்வியும் அம்முறைகளில் ஒன்றாகவே இருந்தது.

எங்கள் தவறு எங்கே என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நடுக்கம், முனகல் என்ற இரண்டு விளைவுகளுக்கும் காரணம் ஒன்றே என்று நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மையில் காரணங்கள் இரண்டு. கராஜ்காரர் ஒன்றைச் சரியாகவே தீர்த்திருந்தார். மற்றதைப் பற்றி அவரிடம் யாரும் கூறவேயில்லை.

சில்லு ஏன் ஆடுகிறது?

குறித்த ஒரு வேகத்தில், பெரும்பாலும் மணிக்கு 80 முதல் 120 கிலோமீற்றருக்குள் வந்து, அதனைத் தாண்டினால் ஓரளவு தணிகின்ற நடுக்கம் சமநிலைக் குறைபாட்டின் அடையாளம். சிறு கார் ஒன்றின் சில்லு, 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 15 தடவை சுழல்கிறது. றிம்மின் ஓரத்திலிருந்து 30 கிராம் எடையுள்ள சிறு உலோகத் துண்டு ஒன்று கழன்று விழுந்திருந்தால், அவ்வேகத்தில் ஏறத்தாழ 5 கிலோகிராம் நிறைக்குச் சமமான இழுப்பு, செக்கனுக்குப் பதினைந்து தடவை சில்லின் அச்சை மேலும் கீழும் உதைக்கும். வேகம் இருமடங்கானால் இந்த உதை நான்கு மடங்காகும். சில்லையும் வில்லையும் கொண்ட தொகுதிக்கு இயல்பாகவே ஒரு மீடிறன் உண்டு. உதையின் மீடிறன் அதனுடன் ஒத்துப்போகும்போது பரிவு ஏற்பட்டு ஆட்டம் பெருகுகிறது. குறித்த வேகத்தில் மட்டும் நடுக்கம் வருவதன் காரணம் இதுவே. முன்சில்லின் குறை பெரும்பாலும் சுக்கானிலும், பின்சில்லின் குறை இருக்கையிலும் தரையிலும் உணரப்படும்.

வேகம் 20, 30 இலேயே சில்லு தள்ளாடுவதுபோற் தோன்றினால் அது வேறு கதை. ரயரின் உள்ளே உள்ள உருக்குக் கம்பிப் பட்டை பிரிந்திருக்கலாம்; ரயரின் பக்கச் சுவர் வீங்கியிருக்கலாம்; அல்லது நடைபாதை விளிம்பிலோ குழியிலோ மோதி றிம் நெளிந்திருக்கலாம். ஊரில் சைக்கிள் கடைக்காரர் சில்லைத் தலைகீழாக நிறுத்திச் சுழற்றி, சுண்ணக்கட்டியை அருகிற் பிடித்து, எங்கே தொடுகிறது என்று பார்த்துக் கோணல் எடுப்பார். காரிலும் சோதனை அதுவே. சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி, அசையாத ஒரு குச்சியை றிம்மின் ஓரத்துக்கு அருகில் வைத்து மெதுவாகச் சுழற்றினால் நெளிவு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பிறேக்கை அழுத்தும்போது மட்டும் சுக்கான் நடுங்கினால், சில்லை விட்டுவிட்டுப் பிறேக் தட்டைப் பார்க்கவேண்டும். தட்டின் தடிப்பு ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் தேய்ந்திருக்கும். ரயர் மாற்றிய ஓரிரு நாட்களுக்குள் நடுக்கம் தொடங்கினால், வேறெதையும் எண்ணாமல் முதலில் சில்லு நட்டுகளைப் பார்க்கவேண்டும். நட்டுத் தளர்வு சிறிய காரணந்தான். ஆனால் இக்கட்டுரையிற் கூறப்படும் காரணங்கள் அனைத்திலும் மிக விரைவில் உயிரைப் பறிக்கக்கூடியதும் அதுவே. சில்லு கழற்றிப் பூட்டினால், 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின்னர் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கவேண்டும். இறுக்க அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேட்டில் அது நியூட்டன் மீற்றரில் தரப்பட்டிருக்கும். அளவுக்கு மீறிய இறுக்கமும் நட்டின் புரியைக் கெடுக்கும். சில்லும் அச்சுமுகமும் சந்திக்கும் பரப்பிலே துருவும் மண்ணும் படிந்திருந்தாலும் சில்லு நேராக அமராது. பூட்டுவதற்கு முன்னர் அதனைக் கம்பித் தூரிகையால் துடைக்கவேண்டும்.

போதிகை என்னும் சிறு வளையம்

பெயாரிங் என்று நாம் பேச்சில் குறிப்பிடுவதற்கு, எங்கள் பாடசாலை நூல்கள் போதிகை என்ற அழகிய சொல்லைத் தந்திருந்தன. அசையாத பகுதிக்கும் சுழலும் பகுதிக்கும் இடையில் இரண்டு வளையங்கள். அவற்றின் இடையில் உருக்குக் குண்டுகள் அல்லது உருளைகள். அவற்றைச் சுற்றிக் கிறீஸ். அதனைக் காக்க ஓர் அடைப்பு. அவ்வளவுதான். ஆனால் காரின் முழுப் பாரமும், வளைவுகளில் அதனைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும், இந்தச் சிறு வளையங்கள் நான்கின் வழியாகவே நிலத்தை அடைகின்றன.

வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வோன் 1794 ஆம் ஆண்டிலேயே வண்டி அச்சுக்கான குண்டுப்போதிகைக்கு உரிமம் பெற்றார். எனினும் ஒரே அளவான, பிழையற்ற உருண்டைகளைப் பெருந்தொகையாகச் செய்யும் வழி அப்போது இருக்கவில்லை. யேர்மனியின் சுவைன்பூர்ட் நகரில் பிரிட்றிக் பிசர் 1883 இல் குண்டுகளை அரைத்தெடுக்கும் பொறியை அமைத்த பின்னரே அது கைகூடியது. அந்நகரம் போதிகைத் தொழிலின் தலைநகராயிற்று. அதனாலேயே இரண்டாம் உலகப் போரில் அழிவையும் தேடிக்கொண்டது. போதிகை இல்லையேல் போர்ப்பொறிகள் ஓடா என்று கணக்கிட்ட நேச நாடுகள், 1943 ஆவணியிலும் ஐப்பசியிலும் அந்நகரின்மீது பெரும் விமானத் தாக்குதல்களை நடத்தின. ஐப்பசி 14 ஆம் நாள் தாக்குதலில் மட்டும் அமெரிக்காவின் 60 குண்டுவீச்சு விமானங்கள் வீழ்ந்தன. ஒரு சிறு உருக்குக் குண்டின் பெறுமதியை அரசுகள் அவ்வாறு அறிந்திருந்தன.

நாங்கள் அதனை வேறுவிதமாக அறிந்தோம். 1990 களின் முற்பகுதியில் பெற்றோலும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய சில பழைய கார்களைத் தவிர, ஊர் முழுவதும் சைக்கிளிலேயே நகர்ந்தது. சிறுவனாகிய நான் சைக்கிள் கடை வாசலில் நின்று, சில்லின் நடுவிலிருந்து கறுத்த கிறீசுடன் குண்டுகள் வெளியே எடுக்கப்பட்டு, மண்ணெண்ணெயிற் கழுவப்பட்டு, எண்ணி மீண்டும் அடுக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இறுக்கிவிட்டால் சில்லு சுற்றாது, தளர்த்திவிட்டால் ஆடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. கடைக்காரரின் விரல்கள் அதனை அறிந்திருந்தன.

பழைய கார்களிலும் அவ்வாறே இறுக்கித் தளர்த்தும் போதிகைகள் இருந்தன. இன்றைய கார்களில் உள்ளவை பெரும்பாலும் அடைத்து மூடப்பட்ட தொகுதிகள். அவற்றுக்குக் கிறீஸ் இடவும் முடியாது, இறுக்கவும் முடியாது. தேய்ந்தால் மாற்றவேண்டியதுதான். நன்றாக அமைந்த ஒன்று 100,000 கிலோமீற்றருக்கு மேலும் உழைக்கும். அதன் பகைவர்கள் யாவர் என்றால், அடைப்பைத் தாண்டி உட்புகும் நீர், குளிர்காலத்தில் வீதியில் தூவப்படும் உப்பு, குழிகளிலும் விளிம்புகளிலும் ஏற்படும் மோதல், கவனமின்றிப் பூட்டிய கை ஆகியனவே. நீர் புகுந்ததும் வளையத்தின் பளபளப்பான பாதையிலே துருப் பிடிக்கிறது. பின்னர் உருக்கின் மேற்றோல் செதிள் செதிளாகப் பெயர்கிறது. அந்தக் குழிகளின்மீது குண்டுகள் உருளும்போது எழுவதே நாங்கள் கேட்ட முனகல்.

முனகலின் இலக்கணம்

போதிகையின் முனகலுக்குச் சில தெளிவான இயல்புகள் உண்டு.

முதலாவது, அது காரின் வேகத்துடன் கூடும், குறையும். இயந்திரத்தின் சுழற்சியுடன் அன்று. ஆபத்தில்லாத நேரான வீதியிலே கிளச்சை மிதித்து, இயந்திரத்தை அமைதிக்கு விட்டுப் பாருங்கள். சத்தம் அப்படியே தொடர்ந்தால் இயந்திரம் குற்றவாளி அன்று.

இரண்டாவது, வளைவுகளில் அது மாறும். கார் இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சில்லுகள்மீது சாய்கிறது; வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கத்தின்மீது. எனவே இடப்பக்கம் திரும்புகையில் சத்தம் கூடினால் பெரும்பாலும் பழுதானது வலப்பக்கப் போதிகை. பிரான்சின் வீதிகள் இதற்கென்றே அமைந்தவைபோல் சுற்றுவட்டங்களால் நிறைந்தவை. இங்கே வட்டத்தை இடப்பக்கமாகத் திரும்பியே சுற்றுகிறோம். ஆகவே வட்டத்திற் செல்லும்போது முனகல் உரத்து, வெளியேறும்போது அடங்கினால் வலப்பக்கத்தை ஐயுறலாம். பிரித்தானியாவிலுள்ள வாசகர்கள் இதனைத் தலைகீழாகக் கொள்க. எங்கள் கார் வேலைத்தலத்தை அடையுமுன் நான்கு சுற்றுவட்டங்களைக் கடந்தது. நான்கிலும் முனகல் உயர்ந்து தாழ்ந்ததை நான் நாள்தோறும் கேட்டிருந்தேன்; ஆனால் கவனித்திருக்கவில்லை.

மூன்றாவது, வீதியின் பரப்பு மாறினாலும் அது பெரிதும் மாறாது. சீரற்றுத் தேய்ந்த ரயரும் ஏறக்குறைய இதே ஓசையை எழுப்பும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஆனால் ரயரின் ஓசை கரடுமுரடான தாரில் ஒருவிதமாகவும் வழுவழுப்பான தாரில் வேறுவிதமாகவும் கேட்கும். மேலும், முன் பின் சில்லுகளை இடம்மாற்றிப் பூட்டினால் ரயரின் ஓசையும் இடம் மாறும். போதிகையின் ஓசை இருந்த இடத்திலேயே இருக்கும். சுக்கானை முழுதாகத் திருப்பி மெல்ல ஓட்டும்போது ‘டிக் டிக்’ என்று கேட்டால் அது போதிகை அன்று. முன்சில்லை இயக்கும் தண்டின் மூட்டு.

பிற்காலக் கார்கள் பலவற்றில் சில்லின் சுழற்சியை அளக்கும் காந்த வளையம் போதிகையின் அடைப்பிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே போதிகை பழுதாகும்போது ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கும் சில வேளைகளில் எரியக்கூடும்.

கையால் அறிதல்

அடுத்ததாக முதியவர் காரைச் சமதரையில் நிறுத்தி, வலப்பக்கப் பின்சில்லை உயர்த்தினார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பின்சில்லைச் சுழற்றவேண்டுமானால் கைப்பிறேக்கை விடுவிக்கவேண்டும். எனவே முன்சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டைகள் வைத்து, கியரையும் போட்ட பின்னரே ஜக்கைத் தொட்டார். ஜக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கியையும் கீழே வைத்தார். ஜக்கில் மட்டும் நிற்கும் காரின் கீழே தலையையோ கையையோ நீட்டுவது உயிருடன் விளையாடுவதாகும்.

முதற் சோதனை ஆட்டம் பார்ப்பது. மணிக்கூட்டு முகத்தில் 12 உம் 6 உம் இருக்கும் இடங்களிற் சில்லைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கவேண்டும். ‘டொக்’ என்ற ஆட்டம் இருந்தால், ஒன்றில் போதிகை தேய்ந்திருக்கும். அல்லது கீழேயுள்ள குண்டுமூட்டுத் தேய்ந்திருக்கும். முன்சில்லாயின் இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒருவர் உள்ளே அமர்ந்து பிறேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மீண்டும் அசைத்துப் பார்க்கவேண்டும். ஆட்டம் மறைந்தால் போதிகை; மறையாவிட்டால் மூட்டு. 9 உம் 3 உம் இருக்கும் இடங்களில் மட்டும் ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் சுக்கான் தண்டின் முனை தேய்ந்திருக்கும்.

எங்கள் சில்லில் ஆட்டமே இருக்கவில்லை. உரிமையாளர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். முதியவர் தலையை ஆட்டினார். “ஆட்டம் வாற வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தால் அது கடைசிக் கட்டம் தம்பி” என்றார். முனகும் போதிகைகள் பல ஆடுவதில்லை. ஆட்டமின்மை நலத்திற்குச் சான்று அன்று. பின்னர் ஒரு கையால் சில்லைச் சுழற்றி, மறு கையை அதற்கு மேலுள்ள சுருள்வில்லில் வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். வில்லின் வழியாக மணலை அரைப்பது போன்ற ஒரு சொரசொரப்பு என் விரல்களுக்கு ஏறியது. இடப்பக்கச் சில்லையும் அவ்வாறே சோதித்தோம். அங்கே விரலுக்கு எதுவும் எட்டவில்லை. ஒன்றை மற்றொன்றுடன் ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வரலாகாது என்பது அவருடைய விதி.

ஓட்டலாமா, நிறுத்தவேண்டுமா?

நம்மவர்கள் கேட்கும் முதற் கேள்வி இதுவே. ஒருநாட் கூலியை இழக்க முடியாதவர்களின் கேள்வி அது. ஆகவே நேர்மையாகவே விடையளிக்கவேண்டும்.

மெல்லிய முனகல் மட்டும் இருந்து, ஆட்டமோ வெப்பமோ இல்லையெனின், கராஜில் நேரம் பெறும்வரை குறைந்த வேகத்தில் அருகிலுள்ள இடங்களுக்கு ஓட்டுவோர் உண்டு. ஆனால் அது வாரக்கணக்கில் நீடிக்கக்கூடிய ஏற்பாடு அன்று. நெடுஞ்சாலைக்கு அது பொருந்தவும் மாட்டாது. பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும்: சில்லு நட்டுத் தளர்ந்திருப்பதாக ஐயம், ரயரில் வீக்கம், முனகல் அரைக்கும் சத்தமாக மாறுதல், ஒரு சில்லின் நடுப்பகுதி மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாகிக் கருகும் மணம் வருதல், பிறேக் மிதி வழமையைவிடக் கீழே போதல், வளைவில் கார் தானாக மிதப்பதுபோல் உணர்தல். முற்றாக அழிந்த போதிகை சில்லையே வண்டியிலிருந்து பிரித்துவிடக்கூடும். அப்போது இழக்கப்படுவது ஒருநாட் கூலி மட்டுமன்று.

பிரான்சின் நெடுஞ்சாலையில் இது நேர்ந்தால், ஆபத்து விளக்குகளை எரியவிட்டு அவசர ஒழுங்கையில் வலப்பக்க ஓரமாக நிறுத்துங்கள். பிரதிபலிக்கும் மேலங்கியை உள்ளேயே அணிந்துகொண்டு, வலப்பக்கக் கதவால் இறங்கி, எல்லோரும் பாதுகாப்புத் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். மேலங்கி 2008 முதல் இங்கே கட்டாயமானது. பின்பெட்டியில் அன்றி, கைக்கெட்டும் இடத்தில் அது இருக்கவேண்டும். வீதியோர அவசரத் தொலைபேசியையோ 112 ஐயோ அழையுங்கள். நெடுஞ்சாலையில் அனுமதி பெற்ற இழுவை வண்டிகளே வரமுடியும். நண்பரை அழைத்து ஒழுங்கையில் நின்று திருத்த முயல்வது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் கேடு.

கராஜில் பேசுதல்

வண்டியை அறிந்தவன் மொழியை அறியாவிட்டாலும் பாதி வழியைக் கடந்துவிடுகிறான். “கார் சத்தம் போடுகிறது” என்று சொல்வதற்கும், “50 க்கு மேல் வலப்பக்கப் பின்புறம் முனகுகிறது, இடப்பக்கம் திரும்பும்போது கூடுகிறது, கிளச்சை மிதித்தாலும் மாறவில்லை” என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முதலாவதைக் கேட்பவர் தேடவேண்டியிருக்கும். தேடலுக்கும் கூலி உண்டு. இரண்டாவதைக் கேட்பவர் நேரே அந்தச் சில்லுக்குப் போவார். ஒரு தாளில் இவற்றை எழுதி, பிள்ளைகளைக் கொண்டு பிரெஞ்சு மொழியில் மாற்றிக் கொண்டுசெல்லுங்கள். போதிகை இங்கே ‘றூல்மோன்’. சில்லுச் சமநிலைப்படுத்தல் ‘எக்கிலிபிறாஜ்’. செலவு மதிப்பீடு ‘துவி’. வேலை தொடங்குமுன் துவியை எழுத்திற் கேளுங்கள். நீங்கள் கையொப்பமிட்ட துவி இருதரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். கழற்றிய பழைய பாகத்தைக் காணவேண்டும் என்றும் முன்கூட்டியே கூறிவையுங்கள்.

விலையைக் கேட்டு அதிர்ச்சியடைவதற்கு முன்னர் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. ரெனோ, பேஜோ, சித்றோவென் வண்டிகள் பலவற்றில் பின்சில்லின் போதிகை பிறேக் தட்டுடன் ஒன்றாகவே வருகிறது. பிறேக் தட்டுகளை ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது முறையன்று. இரண்டையும் கட்டைகளுடன் சேர்த்தே மாற்றுவார்கள். பட்டியலில் நான்கு பொருட்கள் இருப்பதைக் கண்டவுடன் ஏமாற்று என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஏன் என்று கேளுங்கள்.

வீட்டு முற்றத்தில் நண்பர்களுடன் சேர்ந்து மாற்ற விரும்புவோருக்கும் ஒரு சொல். அழுத்திப் பொருத்தும் வகைப் போதிகையைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால், அடி குண்டுகளின் வழியே சென்று புதிய வளையத்திலேயே பள்ளம் விழுத்திவிடும். காந்த வளையம் உள்ள பக்கம் மாறிப் பூட்டப்பட்டால் ஏ.பி.எஸ். வேலைசெய்யாது. நடு நட்டு உரிய அளவுக்கு இறுக்கப்படுமுன் காரின் பாரத்தை அதன்மீது இறக்கினாலும் போதிகை கெடும். அழுத்துபொறியும் அளவுச்சாவியும் இல்லாதவர்கள் இதிற் கைவைக்காமல் இருப்பதே சிக்கனம்.

பிரான்சில் கார் நான்கு வயதை அடையுமுன் முதலாவது தொழில்நுட்பச் சோதனையும், பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறை அடுத்தடுத்த சோதனைகளும் கட்டாயமானவை. 2018 வைகாசி முதல் குறைபாடுகள் சிறியவை, பெரியவை, மிக ஆபத்தானவை என மூன்றாக வகுக்கப்படுகின்றன. பெரிய குறை கண்டால் இரண்டு மாதங்களுக்குள் திருத்தி மறுசோதனைக்குச் செல்லவேண்டும். மிக ஆபத்தான குறை கண்டால் அன்றைய நாளுக்கு மேல் அக்காரை ஓட்டமுடியாது. ஆனால் அங்கே எந்தப் பாகத்தையும் கழற்றிப் பார்ப்பதில்லை. ஆகவே பழைய கார் வாங்குவோர் சோதனைத் தாளை மட்டும் நம்பவேண்டாம். வானொலியை நிறுத்தி, யன்னலைத் திறந்து, ஒரு மதிலோரமாகவும் ஒரு சுற்றுவட்டத்திலும் ஓட்டிப் பாருங்கள். விற்பவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால், சற்றுப் பேசாதிருக்குமாறு பணிவுடன் கேளுங்கள்.

சனிக்கிழமை நாங்கள் அதே கராஜுக்குப் போனோம். சண்டைக்கு அல்ல. நான் எழுதிய தாளை அதன் உரிமையாளர் இருமுறை வாசித்தார். சில்லை உயர்த்தி, சுழற்றி, வில்லில் கைவைத்துப் பார்த்தார். “முதல்நாளே இதைச் சொல்லியிருந்தால் இரண்டையும் ஒன்றாகவே பார்த்திருப்பேனே” என்றார். அதில் உண்மை இருந்தது. கழற்றிய போதிகையின் அடைப்பு ஒருபுறம் கிழிந்து, உள்ளே கிறீசுக்குப் பதிலாகச் செந்நிறச் சேறு இருந்தது. அந்த நிலையில் நாங்கள் நால்வரும் ஒரு மாதமாக நெடுஞ்சாலையில் ஓடியிருந்தோம்.

திங்கட்கிழமை அதிகாலை கார் வழமைபோலப் புறப்பட்டது. முதலாவது சுற்றுவட்டம் வந்தபோது உரிமையாளர் தாமாகவே வானொலியை நிறுத்தினார். நால்வரும் காதுகொடுத்துக் கேட்டோம். ரயரின் ஓசையும் காற்றின் ஓசையும் மட்டும் இருந்தன. பின்னிருக்கையில் இருந்த இளைஞர் ஒருவர், வேலைத்தலத்தை அடையும்வரை தூங்கினார். அந்த மாதத்தில் அவர் காரில் தூங்கியதை நான் கண்டது அன்றுதான்.